மாப்பிள்ளை தேய்த்த கதவு

அக்டோபர் 2, வியாழன்

இன்று விஜயதசமி. இந்த நோட்டை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. நல்ல நாளில்தான் தொடங்குவது என்று இதுவரை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்தியிருந்தேன்.

என் பெயர் ராக்கியப்பன். வயது எழுபத்து மூன்று. போன வருஷம் வரைக்கும் கைநாட்டு. இப்போது இதை எழுதுகிறவன் நான்தான். மேலே எழுதியதை நானே படித்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னது இது: "தினமும் எழுதுங்க ஐயா. கண்ணுல பாத்ததை மட்டும் எழுதுங்க. மனசுல நெனைக்கறதை எல்லாம் எழுதுனா நோட்டுப் பத்தாது." அப்படியே செய்கிறேன்.

கண்ணில் பார்த்தது: வாசலில் மாப்பிள்ளையின் கார். அடர் சிவப்பு. பழைய கார்தான், ஆனால் இந்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. "டாக்டர் வண்டி" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு டாக்டர் வைத்திருந்தாராம். அவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், கோவிலுக்கு மட்டும் ஓட்டினாராம். மற்ற நாட்களில் டாக்டர் எதில் போனார் என்று நான் கேட்கவில்லை. மகள் வீட்டில் சாப்பிடுகிறவன் சில கேள்விகளைக் கேட்பதில்லை.

நேற்று ஆயுத பூஜை. மாப்பிள்ளையின் பெயர் தெய்வசிகாமணி. பெயருக்கு ஏற்ற பக்தி. பானெட்டில் மூன்று விரலால் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். நாலு கதவிலும் அதேபோல் பட்டை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். காரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றியது. ஏறிப் போகத் தோன்றவில்லை. யாரும் போகவும் இல்லை. பழத்தை நசுக்குவதற்கு ஓரடி முன்னால் நகர்த்தினார். நசுங்கியதும் ஓரடி பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் வேலைக்குப் போவது கம்பெனி வேனில்.

அக்டோபர் 5, ஞாயிறு

விபூதி நாலு நாள் வெயிலில் காய்ந்து கல்போல ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை தண்ணீர் விடவில்லை. சாமி சமாச்சாரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாதாம். பழைய வேட்டியைச் சுருட்டி, பக்தியோடு அழுத்தித் தேய்த்தார். பட்டை போயிற்று. பட்டை இருந்த இடத்தில் பட்டையாகவே கீறல் வந்தது.

"கலா! ஏ கலா! இங்க வா!"

கலாமணி என் மகள். மாவுக் கையோடு வந்தாள்.

"என்னுங்க?"

"பாரு. கோடு! பட்டை பட்டையாக் கோடு! உன்ற வளையல் ஒரசியிருக்குது."

"நாலு கதவுலயும் மூணு மூணு கோடு, ஒரே அளவுல. அளவுகோல் வெச்சு ஒரசுனேனுங்களா நான்?"

"பேசாத. இனிமேட்டு இந்த வண்டிய ஒரு பொம்பளை கை தொடக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

கலாமணி என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். மரம் நன்றாக இருக்கிறது.

இந்த வார்த்தை அவளுக்கு ஏன் சுட்டது என்று எழுத வேண்டும். ஆலாங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தையல் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் மூன்றாம் தேதி சேர வேண்டும். பள்ளிக்கூடம் மணி அடித்த பிறகுதான் முதல் பஸ் அந்த ஊருக்குப் போகிறது. "கார் வாங்குனா உனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறேன், நீயே ஓட்டிட்டுப் போயிக்க" என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் கார் வாங்கச் சம்மதித்தாள், வேலைக்கும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதமாகக் கார் வாசலில் நிற்கிறது. அந்த வார்த்தையும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. தேய்க்கிற மெஷின் ஒன்று, அதற்குப் போடும் பஞ்சு வட்டங்கள், வெள்ளையாக ஒரு பசை, பச்சையாக ஒரு பசை, கலர் கலராகத் துண்டு. கீறலைக் கடையில் கொடுத்து எடுக்க மாட்டாராம், வீட்டிலேயே எடுக்கப் போகிறாராம். செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் தேய்க்கிறான். மாப்பிள்ளை அவனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கும் வேலை வந்தது. டார்ச் பிடிப்பது.

"மாமா, லைட்டைச் சாய்ச்சுப் புடிங்க. இன்னும் சாய்ச்சு. உங்க நெழல் விழுகுதுங்க மாமா."

சாய்த்துப் பிடித்தால் அதிசயம். விபூதிக் கோடு மட்டும் இல்லை. கார் முழுக்க மெல்லிய வட்டம் வட்டமாகச் சுழி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. யாரோ வருஷக்கணக்கில் அழுக்குத் துணியால் துடைத்ததில் விழுந்ததாம். எனக்கு அந்தச் சுழி பழக்கமானது. என் கட்டைவிரலில் இருப்பது அதுதான். ஐம்பது வருஷம் நான் போட்ட கையெழுத்து, கார் முழுக்க இருந்தது.

"அசிங்கம்" என்றார் மாப்பிள்ளை.

நான் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

கலாமணி ஆவணியிலிருந்து விடியற்காலையில் பெருமாள் கோவிலுக்குப் போகிறாள். மாப்பிள்ளை தூங்கி எழுவதற்குள் திரும்பிவிடுவாள். வேலை நல்லபடியாக அமைய வேண்டுதலாம். இன்று நானும் நடக்கப் போனபோது கோவில் கதவில் இருந்த பலகையைப் படித்தேன். எவ்வளவு நல்ல பெரிய எழுத்து! "நடை திறப்பு காலை 7 மணி." இரண்டு தடவை படித்தேன். ஏழுதான்.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தட்டு இல்லாமல், பூ இல்லாமல், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, மூடின கோவிலுக்குப் போகிற பக்தை இந்த ஊரில் என் மகள் ஒருத்திதான்.

அக்டோபர் 11, சனி

மெஷின் ஓடியது. வெள்ளைப் பசை முதலில் சுவருக்குப் போனது, பிறகு கொடியில் காய்ந்த துணிக்கு, பிறகு என் கண்ணாடிக்கு. கடைசியில் கொஞ்சம் காருக்கும் கிடைத்தது. "மெதுவா வெக்கோணும், அப்பறம் ஸ்பீடு" என்று மாப்பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தார். மெஷின் அவர் கையை இழுத்துக்கொண்டு பானெட்டில் ஓடியது. மாட்டைப் பிடித்துக்கொண்டு மனிதன் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை இன்றுதான் பார்த்தேன்.

பசையைத் துடைக்க மிருதுவான துணி வேண்டுமாம். வந்த துண்டெல்லாம் அவருக்கு முரடாகத் தெரிந்தது. சமையலறைக்குள் போய் ஒரு துணியோடு வந்தார். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. "இதாங்க மாமா துணி! இவ்வளவு நாளா எங்க வெச்சிருந்தா இவ?"

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று தோசை. இட்லித் துணி காரில் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் இடது பக்கப் பின் கதவு. நான் டார்ச். மாப்பிள்ளை மெஷினை ஓட்டி, இட்லித் துணியால் துடைத்தார். சுழி எல்லாம் போய், கதவு குளத்துத் தண்ணீர் மாதிரி ஆயிற்று. அந்தத் தண்ணீருக்குள் ஏதோ தெரிந்தது. டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தேன்.

ளி.

எனக்குப் பிடித்த எழுத்து. சுற்றி வந்து மேலே கொக்கி போட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ள், மங்கலாக ஒரு ப. ஒட்டியிருந்த எழுத்தைப் பிய்த்து எடுத்தபிறகும் அதன் தடம் பெயிண்டில் தங்கிவிட்டது. விற்றவன் மேலே மெழுகு பூசி மறைத்திருக்கிறான். மாப்பிள்ளை மெனக்கெட்டு மெழுகை எடுத்துவிட்டார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"போதுங்க மாமா. நீங்க போயிக் காப்பி குடிங்க."

"இன்னும் வெளிச்சம் இருக்குதுங்களே மாப்ளே."

"காப்பி ஆறிரும்."

காப்பி போடவே இல்லை. கலாமணி அப்போதுதான் பால் வாங்கப் போயிருந்தாள்.

அக்டோபர் 15, புதன்

மாப்பிள்ளை வந்து, "என்னங்க மாமா எழுதறீங்க, காட்டுங்க" என்றார். நேற்றைய பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காட்டினேன். "தோசையா? நல்லா எழுதறீங்க. இன்னும் உருண்டையா எழுதோணும்" என்றார்.

அக்டோபர் 18, சனி

மூன்று நாளாக அதே கதவு. பானெட்டில் விபூதிக் கோடு அப்படியே இருக்கிறது. அது பரவாயில்லையாம். இந்த ஒரு கதவில்தான் சுழி அதிகமாம். வெள்ளைப் பசை, பச்சைப் பசை, மறுபடி வெள்ளை. நானும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். தேய்க்கத் தேய்க்கக் கதவு பளபளக்கிறது. பளபளக்கப் பளபளக்க எழுத்து எடுப்பாகத் தெரிகிறது. நேற்று வரைக்கும் 'பள்ளி' மட்டும்தான். இன்று முன்னால் 'பயிற்சி' வந்திருக்கிறது. எனக்கு வகுப்பில் கூட இவ்வளவு பொறுமையாக யாரும் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கொடுத்ததில்லை. அதற்கும் முன்னால் ஏதோ நீளமாக இருக்கிறது. அது இன்னும் பிடிபடவில்லை.

நேர் வெயிலில் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சம் வேண்டும். மாப்பிள்ளையும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். போர்ட்டிகோவின் மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். தூசி வருகிறதாம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். காருக்கு இல்லை, எங்களுக்கு.

மாப்பிள்ளையின் அக்கா அருக்காணி கோபியிலிருந்து போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். அவள் வீட்டில் இரண்டு கார். மாப்பிள்ளை சத்தமாகச் சொன்னார்: "வாக்கா வாக்கா. டாக்டர் வண்டி கண்ணாடியாட்டம் இருக்குது. மூஞ்சி பாத்துப் பவுடர் போட்டுக்கலாம்."

போனை வைத்ததும் கலாமணி கேட்டாள். அதிரசத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, மூணாந்தேதி நெருங்குது. வண்டி..."

"இன்னும் லேசாச் சுழி இருக்குது. அது போகட்டும், அப்பறம் பாக்கலாம். வேலை எங்க ஓடிப் போகுது?"

"வேலை ஓடலீங்க. பஸ்ஸும் ஓட மாட்டீங்குது, அதனாலதான் கேட்டேன்."

"அப்ப இந்த வருசம் உடு. உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்து, நீ செவுத்துல ஒரசி, நான் மறுபடி தேய்க்கோணுமா? பொம்பளை கையில ஸ்டீயரிங்கக் குடுத்தா வண்டி வண்டியா இருக்குமா?"

கலாமணி அதிரசத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அவர் ஒன்றுதான் எடுத்திருந்தார்.

அக்டோபர் 23, வியாழன்

நானும் கலாமணியும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாப்பிள்ளையிடம் அப்படித்தான் சொன்னோம். பஸ் இறக்கிவிட்ட இடத்தில் ஆஸ்பத்திரி இல்லை. பெரிய மைதானம், வரிசையாகக் கார்கள், காக்கிச் சட்டை போட்ட ஒருவர். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து பலகைகளைப் படித்தேன். எத்தனை பலகைகள்! ஆஸ்பத்திரியில் கூட இவ்வளவு இருக்காது.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. விடியற்காலையில் எங்கள் தெருமுனையில் நிற்கிற அதே கார். பக்கவாட்டில் பெரிய எழுத்து. பாதியைப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. அதே எழுத்து, அதே வளைவு. ளி கூட அதே ளி. மீதியை இன்று படித்து முடித்தேன். ஒரு வாரமாக விளங்காத பாடம் விளங்கினால் வருகிற சந்தோஷம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும்.

கலாமணி அந்தக் காரில் ஏறினாள். முன்னால் போனாள், வளைந்தாள், பின்னால் வந்தாள். காக்கிச் சட்டைக்காரர் ஏதோ எழுதினார். இறங்கி வந்தபோது அவள் ரவிக்கை நனைந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம்.

"அப்பா, இதை நோட்டுல எழுதிப்போடாதீங்க."

"எழுதல கண்ணு."

எழுதவில்லை.

கதவைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டீச்சர் பார்த்ததை எழுதத்தான் சொன்னார். சொல்லச் சொல்லவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது. கை வலிக்கும், பரவாயில்லை.

மத்தியானம் போர்ட்டிகோவில் புழுக்கமாக இருந்தது. விருந்தாளி வருகிற வீடு. காற்றோட்டத்துக்காக மேற்குப் பக்கத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டேன்.

அருக்காணி நாலு மணிக்கு மேல் வந்தாள். மாப்பிள்ளை அவளைக் காரின் வலப்பக்கமாகவே சுற்றிக் காட்டினார். பானெட், முன் விளக்கு, வலது கதவு. இடது பக்கம் வந்ததும் பின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். ஒரு கை தொடக்கூடாது என்றவர், முழு முதுகையும் கொடுத்து நின்றார். காப்பியை நின்றபடியே குடித்தார்.

"சரி, என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ. கோயிலுக்குப் போயிட்டு வரலாம். நகுரு, ஏறிக்கறேன்" என்றாள் அருக்காணி.

"அந்தப் பக்கமா ஏறுக்கா."

"அந்தப் பக்கம் செவுருடா, கதவு பாதிதான் தொறக்கும். நான் என்ன பல்லியா?"

நகர்ந்தார். மேற்கு வெயில் சாய்வாகக் கதவில் விழுந்தது. அருக்காணி கதவின் பக்கம் திரும்பவே இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறப் போனாள். எனக்கு வாய் நமநமத்தது. புதிதாகப் படிக்கத் தெரிந்தவனின் கஷ்டம் படித்தவர்களுக்குப் புரியாது. எழுத்தைக் கண்டால் வாய் தானாகவே திறந்துகொள்கிறது.

"ம... க... ளி... ர்."

"மாமா, உள்ள போங்க" என்றார் மாப்பிள்ளை.

"ஓட்... டு... நர்..."

"மாமா!"

"பயிற்சிப் பள்ளி." மூச்சு வாங்கிக்கொண்டேன். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை விட்டால் பாவம். "பெண்களே, பயமின்றி ஓட்ட வாருங்கள்."

அருக்காணி குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டா சிகாமணி, உன்ற டாக்டரு பொம்பளைங்களுக்கு வண்டி ஓட்டற வைத்தியமாடா பாத்தாரு?"

"இல்லக்கா... அது விளம்பரம்... ஆராச்சும் ஒட்டியிருப்பாங்க..."

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போற வழியிலயா?" முன் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைச் செருப்பால் நகர்த்தினாள். "இது என்னடா, கீழ ஓட்டை ஓட்டையா?"

"ஸ்பீக்கர் வெச்சிருந்தாங்களாம்."

"உள்ளங்காலுலயா பாட்டுக் கேட்டாரு? கத்துக் குடுக்கற வாத்தியார் மிதிக்கற பிரேக்கு இருந்த ஓட்டைடா இது. என்ற மருமகள் கத்துக்கிட்ட வண்டியில பாத்திருக்கறேன். சரி சரி, பொழுது போகுது. வண்டிய எடு."

மாப்பிள்ளை தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இந்த எழுத்தோட ரோட்டுக்கு நான் எடுக்க மாட்டேன். தெருவே படிக்கும்."

"நீ எடுக்காட்டி ஆருடா எடுக்கறது?"

கலாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சாவியக் குடுங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"பெருமாள் கத்துக் குடுத்தாருங்க."

சாவி அவர் கையிலேதான் இருந்தது. கொடுத்ததாகச் சொல்ல முடியாது. அவள் எடுத்துக்கொண்டாள். ஏறினாள். இருக்கையை முன்னால் தள்ளினாள். கண்ணாடியைத் திருப்பினாள். எங்கள் கேட் குறுகலானது. மாப்பிள்ளை பின்னால் எடுக்கும்போது தெருவே நின்று வழி சொல்லும். அவள் ஒரே மூச்சில் எடுத்தாள். இரண்டு பக்கமும் சரியாக ஒரு சாண் இடம் இருந்தது. எதிர் வீட்டுக்காரர் கேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. போர்ட்டிகோ பெரிதாகத் தெரிந்தது. மாப்பிள்ளை இட்லித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா, உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமுங்களா?"

"எனக்கு என்ன மாப்ளே தெரியும்? நான் இப்பத்தான் எழுத்துக் கூட்டறேன்."

அக்டோபர் 28, செவ்வாய்

இட்லி. புதுத் துணி.

அக்டோபர் 31, வெள்ளி

மாப்பிள்ளை மெஷினைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். காரைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "ரிவர்ஸ் எடுத்ததைப் பாத்தீங்கல்ல? நான்தான் ரெண்டு மாசமாச் சொல்லிக் குடுத்தேன். பொம்பளைங்களுக்குப் பொறுமையாச் சொல்லோணும்."

கலாமணியிடம் சொன்னேன். "போகட்டும் உடுங்கப்பா, லைசென்ஸு என்ற பேர்லதான வரும்" என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

ஆலாங்காட்டிலிருந்து நான் திரும்பியது பஸ்ஸில். பலகையை நானே படித்து, யாரையும் கேட்காமல் ஏறினேன். கண்டக்டர், "எங்க போகோணும் பெரியவரே?" என்றார். "போர்டுல போட்டிருக்கற ஊருக்கு" என்றேன்.

இப்போது போனதை எழுதுகிறேன். முதல் நாள் என்று கலாமணி என்னைத் துணைக்கு அழைத்தாள். மாப்பிள்ளை வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கோடு கீடு உழுந்துராமப் பாத்து ஓட்டு" என்றார். "உழுந்தா விபூதி வெச்சுக்கலாமுங்க" என்றாள்.

காரில் ஒரு வாரத் தூசி. ஆனால் காலை வெயில் சாய்வாக விழும் இடத்திலெல்லாம் கதவு தன் பாடத்தைக் காட்டியது. பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்கள் படித்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கையைக்கூட ஆட்டினாள். கலாமணி ஹாரன் அடித்தாள்.

நான் முன்னால், இடது பக்கம். காலடியில் அந்த ஓட்டைகள். எத்தனையோ பெண்கள் பயந்து பயந்து ஓட்டியபோது, வாத்தியாரம்மா கால் வைத்திருந்த இடம். ஆலாங்காட்டுக்கு ரோடு பிரிகிற இடத்தில் திடீரென்று ஒரு ஆடு குறுக்கே வந்தது. நான் ஓட்டையின் மேல் காலை வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன்.

வண்டி நின்றது. ஆடு எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போயிற்று.

கலாமணி என் காலைப் பார்த்தாள். "அங்க ஒண்ணுமே இல்லீங்கப்பா."

"தெரியும் கண்ணு" என்றேன்.

பள்ளிக்கூடம் வரைக்கும் காலை எடுக்கவில்லை.